புரியுது என்று சொன்ன முந்நூற்றெண்பது பேர்

அந்தக் கல்லூரியில் அவருக்குப் பெயர் ‘புரியுதா மேடம்’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. கேண்டீன்காரர், வாசல் காவலாளி, ஆய்வகத்தில் குடுவை கழுவுகிற அம்மா, எல்லாருக்கும் அவர் புரியுதா மேடம்தான். ஒருமுறை கூரியர்காரர் நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி ஒருத்தர் இங்கே இல்லவே இல்லை என்று காவலாளி சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பார்சலுக்குள் இருந்தது மேடத்தின் புது மூக்குக்கண்ணாடி. ஒரு வாரம் பழைய கண்ணாடிக்கு டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

பெயர் வந்த கதைக்குப் பதினேழு வயது. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் ஆண்டு இயற்பியலைப் படித்தே தீர வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. அதனால் அந்த வகுப்பில் எப்போதும் முந்நூற்றெண்பது பேர் இருப்பார்கள். இருபத்திரண்டு வரிசையாகப் படிப்படியாக மேலே ஏறுகிற பெரிய ஹாலில் அவர்களை அடைத்து உட்கார வைப்பார்கள். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ஆசிரியர் கட்டைவிரல் உயரம்தான் தெரிவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மேடத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. படித்ததெல்லாம் எங்கேயோ போயிற்று. பலகையில் அன்றைய தேதியை எழுதினார். திரும்பினார். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "புரியுதா?" என்று கேட்டார். ஹாலே அதிரும்படி, "புரியுதூ!" என்று பதில் வந்தது.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று பிடித்துக்கொண்ட சொல்லை அப்புறம் விடவில்லை. வகுப்புக்கு முப்பது தடவை கேட்பார். முப்பது தடவையும் ஹால் ஒரே குரலில் ‘புரியுது’ என்றது. ‘புரியல’ என்று ஒரு குரல், ஒரே ஒரு குரல், பதினேழு வருடத்தில் வந்ததில்லை. ஆனால் வருடாவருடம் தேர்வு முடிவு வரும்போது பத்துக்கு நாலு பேர் தோற்றிருப்பார்கள். காது குளிரக் கேட்டேனே, அப்புறம் எப்படி என்று மேடம் விடைத்தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். கடைசியில், பிள்ளைகள் வீட்டில் போய்ப் படிப்பதில்லை என்று ஒரு முடிவுக்கு வருவார். உலகத்தில் எல்லா வாத்தியார்களும் வந்து சேருகிற முடிவுதான் அது.

இந்த வருடம் கல்லூரி திறந்த முதல் வாரமே துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அட்டவணை’. மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் கட்டம் போட்ட தாளில் பார்த்தால்தான் நம்புவார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷத்துலேருந்து உங்க வகுப்பு கிடையாது. பெரிய ஹாலை நாலாத் தடுத்து, நாலு டிவி மாட்டிடுவோம். யாரோ பெரிய ஆளுங்க பாடத்தைப் பேசிப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. அதைப் போட்டா முடிஞ்சுது. நீங்க லேப்ல உட்காருங்க. ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட ஆள் வேணும்."

"பதினேழு வருஷமா நான் எடுத்த வகுப்பு சார் அது."

"பதினேழு வருஷமாப் பத்துக்கு நாலு பேர் பெயில். டிவி எடுத்தாலும் அதே நாலு பேர்தானே பெயிலாவாங்க? டிவி லீவும் கேக்காது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. கல்லூரி முதல்வர் மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாராம். பருவம் முடிகிற வாரத்தில் நானே வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன், அன்றைக்கே முடிவைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாராம். அதற்குப் பதினைந்து வாரம் இருந்தது. மேடம் படியிறங்கி வந்தார். டிவிக்குத் தோற்றுப்போய் மூலையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற தன்னை நினைத்துப் பார்த்தார். அழுகை வந்தது. அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டில் வேறொரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது.

மேடத்தின் கணவர் செயற்கைப் பல் கட்டுகிறவர். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்ப, வீட்டுப் பக்க அறையில் பிளாஸ்டர் தூசிக்கு நடுவே உட்கார்ந்து பல்வரிசை செய்து கொடுப்பார். அவர் வாழ்நாளில் செய்ததிலேயே அழகான பல் செட், அவருடைய அம்மாவின் வாயில் இருந்தது. இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஆப்பிள் துண்டு வைத்தவுடன் மாமியார் அதை நைசாகக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டுவதைக் கணவர் அன்று பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பொருந்துதா இல்லையா?"

"பொருந்துதுப்பா. நான் பொறக்கும்போதே வந்த பல்லு மாதிரி இருக்கு."

"பொறக்கும்போது யாருக்கும்மா பல்லு இருந்துச்சு? பொருந்துதுன்னா அது ஏன் கைக்குட்டைக்குள்ள தூங்குது?"

கணவர் எழுந்து போய், சன்னமான ஒரு தாளைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் நீல மை பூசியது. பல்லை மாட்டச் சொன்னார். தாளை நடுவில் வைத்து, "கடிம்மா" என்றார். கடித்தார். கழற்றி விளக்குக்குக் கீழே பிடித்தால், இடது பக்கம் இரண்டே இரண்டு பல்லில் அடர்த்தியாக நீலம். மற்றதெல்லாம் வெள்ளை வெளேர்.

"பாத்தியா? ரெண்டு பல்லுதான் வேலை செய்யுது. மத்ததெல்லாம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பாக்குது. வலிக்காம என்ன செய்யும்?"

"நீ கண்ணு நோக உட்கார்ந்து செஞ்சே" என்றார் மாமியார். "பொருந்தலன்னு எந்த வாயால சொல்றது? உன் மூஞ்சி தொங்கிப் போயிடாது?"

"இதுக்குத்தாம்மா நாங்க யாரையும் பொருந்துதான்னு கேக்கறதே இல்ல. கடிக்கச் சொல்லித்தான் பாக்கறது. உன்கிட்ட மட்டும் ஏமாந்துட்டேன்."

மேடத்தின் கையிலிருந்த ஆப்பிள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ரெண்டு பல்லுதான் வேலை செய்யுது. மற்றதெல்லாம் வேடிக்கை. உன் மூஞ்சி தொங்கிப் போயிடாது?

"என்னங்க" என்றார். "எனக்கு இந்த மாதிரி முந்நூத்தி எண்பது தாள் வேணும்."

"எதுக்கும்மா? காலேஜ்ல எல்லாருக்கும் பல்லு கட்டப் போறியா?"

மறுநாள் காலை மேடம் நேராகப் போய் நின்றது ‘ஒயர்’ முன்னால். பெரிய ஹாலின் மைக், திரை, வலை இணைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. ஏணியைத் தோளில் சுமக்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, பசங்க எல்லார் கையிலயும் போன் இருக்கு. நான் ஒரு கேள்வி போடணும். அவங்க போன்ல அமுக்கணும். எத்தனை பேர் எதை அமுக்கினாங்கன்னு எனக்கு உடனே தெரியணும். யார் அமுக்கினாங்கன்னு தெரியவே கூடாது."

"அதுக்கெல்லாம் செயலி இருக்கு மேடம். ஆனா முந்நூத்தி எண்பது போன் ஒரே நேரத்துல ஏறுனா நம்ம இணைப்பு படுத்துடும்."

"படுத்தா எழுப்புங்கண்ணே."

ஒயர் நான்கு நாள் ஏணியிலேயே குடியிருந்தார். ஹாலின் நாலு மூலையிலும் வெள்ளைப் பெட்டி முளைத்தது. ஐந்தாம் நாள் மேடம் மைக்கைப் பிடித்தார். மேலே எறிந்த பந்தைப் பற்றிய பாடம். பதினேழு வருடமாக எடுத்த அதே பாடத்தை அதே மாதிரி எடுத்தார். பந்து மேலே போகப் போக வேகம் குறையும், உச்சியில் ஒரு நொடி நிற்கும், பிறகு கீழே வரும். பூமி அதை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. "புரியுதா?" என்றார். "புரியுதூ!" என்றது ஹால். கூரை அதிர்ந்தது.

பிறகு திரையில் கேள்வியைப் போட்டார். உச்சியில் பந்து நிற்கிற அந்த நொடியில் அதை இழுக்கும் விசை எது? அ, கீழ்நோக்கி. ஆ, மேல்நோக்கி. இ, எந்த விசையும் இல்லை.

ஹாலில் குனிந்த தலைகள். ‘டிக் டிக்’ என்று சத்தம். மேடையில் இருந்த கணினியில் விடைக்கு ஒன்றாக மூன்று கட்டைகள், எத்தனை பேர் அமுக்கினார்களோ அவ்வளவு உயரத்துக்கு வளர்ந்தன. சரியான விடையான ‘அ’வுக்கு விழுந்தது நூற்றுக்கு இருபத்து மூன்று. ‘இ’ அறுபத்தெட்டு.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் முன்னால் கூரை அதிர ‘புரியுது’ என்று சொன்ன அதே வாய்கள். வருடத்துக்கு முந்நூற்றெண்பது, பதினேழு வருடம். ஆறாயிரம் பேருக்கு மேல் கைக்குட்டையில் பல்லைச் சுருட்டி வைத்துக்கொண்டு தன் முகம் வாடக் கூடாதென்று சிரித்திருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. ஆனால் அதே நேரத்தில், உள்ளே ஏதோ ஒன்று துள்ளவும் செய்தது. எங்கே வலிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறதே!

அந்தத் துள்ளலில்தான் ஒரு பெரிய தப்பைச் செய்தார். கட்டைகளைத் திரையில் எல்லாருக்கும் தெரியக் காட்டிவிட்டு, "பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க, அப்புறம் திரும்பவும் அமுக்குங்க" என்றார். பேசினார்கள். அமுக்கினார்கள். தப்பான ‘இ’ தொண்ணூற்று நாலுக்குப் போய்விட்டது. ஹால் கைதட்டிக்கொண்டது.

ஒயர் ஏணிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் இறங்கி வந்தார்.

"மேடம், ஓட்டுப் பெட்டியை மூடறதுக்கு முன்னாடியே யாரு ஜெயிக்கறாங்கன்னு காட்டினா? எல்லாரும் ஜெயிக்கிற கட்சிக்குத்தான் குத்துவாங்க. அதுவும் நீங்க வளத்த பசங்க. ஒண்ணாக் கத்தித்தான் பழக்கம்."

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வகுப்பில் கட்டைகள் திரைக்கு வரவில்லை. மேடத்துக்கு மட்டும் தெரியும்படி ஒயர் மாற்றிவிட்டார். இன்னொன்றும் நடந்தது. கணவரிடமிருந்து வாங்கிவந்த நீலத்தாளில் ஒரு துண்டு கிழித்து மேடம் தன் மைக்கில் ஒட்டிக்கொண்டார். ‘புரியுதா’ என்று கேட்க வாய் திறக்கிறபோதெல்லாம் கண்ணெதிரே நீலம் நிற்கும். வாயை மூடிக்கொள்வார். முதல் வாரம் அது மூச்சடக்குவது போல இருந்தது. சில நேரம் "புரி" வரைக்கும் வந்துவிட்டு, "புரி... புரியாட்டி பரவால்ல, அமுக்குங்க" என்று சமாளித்தார்.

அதே பந்துக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் போட்டார். முதல் சுற்றில் சரியான விடைக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. "யாரு எதை அமுக்கினாங்கன்னு எனக்கே தெரியாது. இப்போ உங்க பக்கத்துல இருக்கறவங்க உங்களை மாதிரி நினைக்கலைன்னா, சண்டை போட்டு மாத்துங்க" என்றார். ஹால் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் கிளம்பியது ஒரு இரைச்சல்!

கடைசி வரிசையில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் பேக்கரியில் ரொட்டி அடுக்கிவிட்டு வருகிறவள். உட்கார்ந்த மறுநிமிடம் தலை சாய்ந்துவிடும். வகுப்பே அவளைத் ‘தூக்கக்காரி’ என்றுதான் கூப்பிடும். பக்கத்துப் பையன் அவளை உலுக்கி எழுப்பி, "உச்சியில நிக்குதில்ல, அப்ப விசை ஜீரோதானே?" என்றான். தூக்கம் கலைந்த எரிச்சலில் அவள் வள்ளென்று விழுந்தாள்.

"யாருமே இழுக்கலைன்னா அது எதுக்குக் கீழ வரணும்? அங்கேயே தொங்க வேண்டியதுதானே?"

படியேறிக்கொண்டிருந்த மேடத்தின் காதில் அது விழுந்தது. இருபது நிமிடம் தான் சொன்னதை இவள் கொட்டாவிக்கு நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டாளே என்று புல்லரித்தது. அந்த வரி அப்படியே முன்வரிசைக்குப் பரவியது. "தொங்க வேண்டியதுதானே, தொங்க வேண்டியதுதானே" என்று ஆளாளுக்குக் கையை ஆட்டிப் பேசினார்கள். இரண்டாம் சுற்றில் எழுபத்தேழு. மேடத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதினேழு வருடத்தில் அந்த ஹாலில் அவருக்கே எதுவும் புரியாமல் போனது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அவர் கால் தரையில் நிற்கவில்லை. கேள்விக்கும் சண்டைக்கும் நேரம் வேண்டுமே, அதற்காகப் பாடத்தை எட்டு எட்டு நிமிடத் துண்டுகளாகத் தானே பேசிப் பதிவு செய்து முதல் நாளே அனுப்பினார். பிள்ளைகள் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பதிவு செய்ய இடம் கிடைக்காமல் கணவரின் பக்க அறையில்தான் உட்கார்ந்தார். பின்னால் அலமாரி முழுக்கப் பல் செட்டுகள் இளித்துக்கொண்டிருக்கும். நடுநடுவே மாமியார் இருமுவார். ஒரு பதிவில் இருமல் இல்லாமல் போனதும், ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லையா மேடம்?’ என்று அறுபது பேர் எழுதிக் கேட்டார்கள். அதை வாசித்துக் காட்டியபோது மாமியாருக்கு வாயெல்லாம் பல். சரிசெய்து கொடுத்த பல்.

"எனக்கும் அந்தக் கேள்வியப் போடேன்" என்பார் மாமியார். காய் நறுக்கிக்கொண்டே மேடம் கேட்பார். மாமியாருக்கு எங்கே குழப்பம் வருகிறதோ, அங்கே ஹாலிலும் பாதிப் பேருக்குக் குழப்பம் வந்தது. மாமியார் தப்பாகச் சொன்ன விடைகளையே கேள்விக்கு அடியில் ‘ஆ’ என்றும் ‘இ’ என்றும் போட ஆரம்பித்தார் மேடம். அந்தப் பொறியில் ஆள் விழாத நாளே கிடையாது.

அட்டவணைக்கு மட்டும் பொறுக்கவில்லை. பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் ஒருநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம் இது, வகுப்பா சந்தைக்கடையா? முன்னெல்லாம் குண்டூசி விழுந்தா கேக்கும்."

"ஆமா சார். குண்டூசி மட்டும்தான் கேட்டுது."

இடைத்தேர்வு வந்தது. எப்போதும் நூற்றைம்பது பேர் தோற்கிற இடத்தில் எண்பது பேர் தோற்றார்கள். மேடம் தாள்களைக் கட்டிப்பிடிக்காத குறை. அட்டவணை கட்டம் போட்ட தாளில் அதை எழுதிப் பார்த்துவிட்டு, "ஒரு தேர்வை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். கேள்வி சுலபமா இருந்திருக்கும். தடுப்புக்கு அளவெடுக்க ஆள் வந்தாச்சு. முதல்வர் வந்து பாக்கட்டும்" என்றார். மறுநாளே ஹாலின் தரையில் நாலு இடத்தில் சாக்பீஸ் கோடு விழுந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி இடத்துக்குப் போனார்கள். மேடம் அதை மிதிக்காமல் நடந்தார்.

முதல்வர் வருகிற காலையில் மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலுக்குள் நுழைந்தால் மேஜைமேல் புத்தம் புது மைக். பெரியவர்கள் வருகிறார்கள் என்று அட்டவணை ஏற்பாடு செய்திருந்தார், சட்டைக் காலரில் மாட்டுகிற மைக். பழைய மைக்கையும் அதில் ஒட்டியிருந்த நீலத்தாளையும் யாரோ எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். தேட நேரமில்லை. முதல்வர் அட்டவணையோடு வந்து கடைசி வரிசைக்கு ஏறிவிட்டார்.

முதல்வர் வரலாறு படித்தவர். தடித்த மனிதர், கையில் எப்போதும் பெரிய சாவிக்கொத்து. அந்த வரிசையில் காலியாக இருந்த ஒரே இடம் தூக்கக்காரிக்குப் பக்கத்தில் என்பதால் அங்கே உட்கார்ந்தார். அட்டவணை ஓரத்தில் கட்டம் போட்ட தாளோடு நின்றுகொண்டார்.

மேடம் கேள்வியைப் போட்டார். சன்னலெல்லாம் மூடிய பஸ், ஒரே சீரான வேகத்தில் நேராக ஓடுகிறது. அதற்குள் நின்றுகொண்டிருக்கிற ஒருவர் சாவிக்கொத்தை நேர் மேலே எறிகிறார். அது எங்கே விழும்? அ, அவருக்கு முன்னால். ஆ, அவர் கையிலேயே. இ, அவருக்குப் பின்னால்.

அமுக்கினார்கள். மேடம் கணினியைப் பார்த்தார். அன்று வந்திருந்தவர்கள் முந்நூற்று எழுபத்தொரு பேர். ஓட்டு முந்நூற்று எழுபத்திரண்டு. ஏணிமேலிருந்த ஒயர் கடைசி வரிசையைக் கண்ணால் காட்டினார். முதல்வர் தன் போனை அவசரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

சரியான விடைக்குப் பாதிப் பேர்தான் போட்டிருந்தார்கள். "சண்டை போடுங்க" என்றார் மேடம். இரைச்சல் கிளம்பியது. பக்கத்துப் பையன் உலுக்க, தூக்கக்காரி கண்ணைத் திறந்து மறுபக்கம் திரும்பினாள். முதல் ஆண்டு என்பதால் முதல்வரை அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. யாரோ அப்பா மகனைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"நீங்க என்ன சார் போட்டீங்க?"

"பின்னாலதான்" என்றார் முதல்வர். "சாவி மேல இருக்கும்போது பஸ் முன்னால போயிடுமில்ல?"

"பஸ் மட்டுமா போகுது? சாவியும்தானே உங்க கையோட வந்துட்டிருந்துது?"

"கையை விட்டப்புறம் அதை யாரு முன்னால தள்றது?"

"யாரு சார் நிறுத்தறது?"

முதல்வர் யோசித்தார். தலையைச் சொறிந்தார். இரண்டாம் சுற்று முடிந்தது. சரியான விடைக்கு நூற்றுக்கு எண்பத்தொன்பது. ஓட்டு முந்நூற்று எழுபத்து மூன்று; அட்டவணை தாளுக்குப் பின்னால் போனை மறைத்துக்கொண்டிருந்தார். மேடம் நடந்துகொண்டே விளக்கினார், மூச்சு வாங்கியது, கண் கடைசி வரிசையிலேயே இருந்தது. கண்ணெதிரே நீலம் இல்லை. பதினேழு வருடப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து நின்று, தானாகவே வழுக்கி விழுந்தது.

"புரியுதா?"

கேட்ட நொடியிலேயே மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு. இப்போது கூரை அதிர ‘புரியுது’ என்று கத்துவார்கள். அட்டவணை அதை எழுதிக்கொள்வார். பதினைந்து வாரம் பாடுபட்டது இந்த ஒரு சொல்லில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

ஹால் கத்தவில்லை. அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. முந்நூற்று எழுபத்தொரு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும். அந்த அமைதியில் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"எனக்குப் புரியல" என்றார் முதல்வர்.

பதினேழு வருடமாக அந்த ஹாலில் அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத சொல்.

"பாதி புரியுது" என்றார் முதல்வர். "இந்தப் பொண்ணு சொல்றது சரின்னு தோணுது. ஆனா சாவி பின்னால விழற மாதிரியே கண்ணுல தெரியுது."

"அப்ப நடந்து பாருங்க சார்!" என்று நாலைந்து குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. அவர் யாரென்று முன்வரிசைக்குத் தெரியும், தெரிந்தும் கத்தினார்கள். "ஒரே வேகத்துல நடங்க! நிக்காதீங்க! நேரா மேல எறிங்க!"

முதல்வர் படியிறங்கிக் கீழே வந்தார். மேடைக்கு முன்னால் இருந்த வெறும் தரையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சாக்பீஸ் கோடுகளை மிதித்துக்கொண்டு நடந்தார். நடந்தபடியே சாவிக்கொத்தை மேலே எறிந்தார். அது கலகலவென்று மேலே போய், அவர் நடந்த நடைக்குக் கூடவே வந்து, அவர் கையிலேயே விழுந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எறிந்தார். மறுபடியும் கையில்.

"அட!" என்றார். "கூடவே வருது!"

ஹால் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. தூக்கக்காரி முழுசாக விழித்திருந்தாள்; பக்கத்துப் பையன் அவள் காதில் அவர் யாரென்று சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதல்வர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"சார், அடுத்த வருஷ அட்டவணையில இந்த வகுப்பு எங்க இருக்கு?"

"இல்ல சார்" என்றார் அட்டவணை. "டிவிக்குன்னு..."

"டிவிகிட்ட எனக்குப் புரியலன்னு சொன்னா அது நின்னு கேக்குமா? இந்த வகுப்பைப் போடுங்க. காலையில ஒன்பது மணிக்கே போடுங்க. நான் வருவேன்." காலடியில் இருந்த சாக்பீஸ் கோட்டைச் செருப்பால் தேய்த்தார். "இதையும் அழிக்கச் சொல்லுங்க."

அட்டவணை தன் தாளில் ஒரு கட்டத்தை அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதினார். மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க நினைத்தார், முடியவில்லை, விட்டுவிட்டார். கடிகாரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அப்போது கடைசி வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. தூக்கக்காரியின் பக்கத்துப் பையன்.

"மேடம், எனக்கும் புரியல. டிரைவர் பிரேக் போட்டா?"

ஏழாவது வரிசையில் இன்னொரு கை. "எனக்கும் புரியல மேடம்." பதினோராவது வரிசையில் இரண்டு கை. இடது ஓரத்தில் ஒன்று, ஏணிக்குப் பக்கத்தில் ஒன்று. கைகள் எழுந்துகொண்டே இருந்தன.

மேடம் காலரிலிருந்த புது மைக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு படியேறினார்.

"சொல்லு தம்பி" என்றார். "எங்க புரியல?"